கல்லறையில் தொடங்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சீரீஸைப் பற்றி. ஏதோ தள்ளுபடியில் எல்லோரும் சேர்ந்து வாங்கிவிட்டீர்கள் போல. சரி, இந்த இதழ் முழுக்க ஜப்பான் ரவுடிக் கும்பல்களின் கதையைச் சொல்லும் யாகுசா வீடியோ கேம்களுக்கே. கிரிக்கெட் கேம் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, யாகுசா கேம்களை ஆடிப் பார்க்க ஆசை. என் மச்சான் ஏழாவது பாகத்தில் ஆரம்பி என்கிறான். ஆபீஸ் நண்பர் ஒன்றாவது என்கிறார். இன்னொருவர் பூஜ்யம் என்கிறார். நடுவில் 'லைக் எ டிராகன்' என்று வேறு ஒரு பெயர். எதில் கை வைப்பது? – ஓசூர் வாசகர்

பதில்: பெயர்க் குழப்பத்தை முதலில் முடித்துவிடுவோம். 2005 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தபோது இதன் பெயர் 'ரியூ கா கோடோகு'. டிராகனைப் போல என்று அர்த்தம். நாயகன் கிரியூ கசுமாவின் முதுகு முழுக்க டிராகன் பச்சை குத்தியிருக்கும். மேல்நாடுகளில் விற்றபோது, இதைச் செய்த சேகா கம்பெனி அதற்கு 'யாகுசா' என்று பெயர் வைத்தது. 2022-இல் மனம் மாறி, இனி எல்லா ஊரிலும் 'லைக் எ டிராகன்'தான் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே வந்த ஏழாவது பாகம் 'யாகுசா: லைக் எ டிராகன்'. எட்டாவது 'லைக் எ டிராகன்: இன்ஃபினிட் வெல்த்'. ஆங்கில அட்டையில் எண்ணே கிடையாது. இனிஷியலை மாற்றிக்கொண்டாலும் ஆள் அதே ஆள்தான்.

எதில் ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் அதில்தான் ஆரம்பித்தேன். 2012 வாக்கில் சென்னையில் வேலை பார்த்தபோது, ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய டிஸ்க்குகள் போட்டு வைத்த அட்டைப்பெட்டியைக் கிளறியதில் யாகுசா 3 கிடைத்தது. மூன்றாவதாக இருந்தால் என்ன, போகப்போகப் புரிந்துவிடும் என்று வாங்கி வந்தேன். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால், தொடக்கத்திலேயே என்னைக் கொண்டுபோய் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நிறுத்துகிறார்கள். கிரியூ நிற்கிறான், பக்கத்தில் ஹருகா என்ற சிறுமி. எதிரே கல்லறைகள். வேண்டுமானால் பழைய கதையை நினைத்துப் பார்க்கலாம் என்று கேமே வசதி செய்து தந்திருந்தது. நானும் பொறுப்பாக உட்கார்ந்து பார்த்தேன். யார் யாரோ கத்தினார்கள், யார் யாரையோ சுட்டார்கள், மழையில் ஒருத்தர் அழுதார். முன்பின் தெரியாதவர் வீட்டு எழவுக்குப் போய், போனது யாரென்று கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாக நிற்போமே, அப்படி இருந்தது. அது முடிந்ததும் கதை ஒக்கினாவா கடற்கரைக்குப் போய்விடும். கிரியூ அங்கே ஓர் அனாதை இல்லம் நடத்துகிறான். மணிக்கணக்காகப் பிள்ளைகள் சண்டை, ஒரு நாய்க்குட்டி, வீட்டுப்பாடம். ரவுடி கேம் வாங்கினேனா, ட்யூஷன் சென்டர் வாங்கினேனா என்று டிஸ்க்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஆறு வருடம் கழித்துத்தான் பூஜ்யத்தில் ஆரம்பித்து வரிசையாக வந்தேன். 2020 ஊரடங்கில் மூன்றாவதன் புதுப்பித்த பதிப்பை எடுத்தேன். அதே கல்லறைத் தோட்டம். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இருந்தது. ஒரு கல்லறைக்கு முன்னால் வந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன். யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

ஆக, யாகுசா 0-வில் ஆரம்பியுங்கள். இது 2015-இல் வந்தது, ஆனால் கதை நடப்பது 1988 டிசம்பரில், எல்லாவற்றுக்கும் முன்னால். கிரியூவுக்கு இருபது வயது. வட்டிக்காரனுக்குக் கடன் வசூலிக்கப் போய், ஒரு காலி இடத்தில் ஒருவனை நாலு சாத்து சாத்திவிட்டு, சினேகிதன் நிஷிகியாமாவோடு கரோக்கி பாடப் போகிறான். அடி வாங்கியவன் அதே இடத்தில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான் என்று செய்தி வருகிறது. அந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான் முழுக் கதையும். கட்டடங்களுக்கு நடுவில், குப்பை போடக்கூட யோசிக்கும் அளவுக்கு ஒரு துண்டு மனை. அதற்காக ஒரு ரவுடிக் கூட்டம் மொத்தமும் வெட்டிக்கொள்கிறது. மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று அலைவதைப் பார்க்கும்போது, பாகப்பிரிவினை கேஸ் நடந்த வீட்டில் வளர்ந்த எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடத்தை ஏன் எடுத்தார்கள் என்பதும் சுவாரசியம். ஜப்பானில் மனை விலை வானத்தில் நின்ற காலம் அது. டோக்கியோவின் நிக்கெய் பங்குச் சந்தைக் குறியீடு 1989-இன் கடைசி வர்த்தக நாளில் 38,915-இல் முடிந்து, பிறகு விழுந்த வீழ்ச்சியில், அந்த உயரத்தைத் திரும்பப் பார்க்க 2024 ஆகிவிட்டது. கேமில் இதை எப்படிக் காட்டுகிறார்கள் தெரியுமா? தெருவில் வம்புக்கு வருபவனை ஓர் உதை விட்டால் அவன் உடம்பிலிருந்து நோட்டு நோட்டாகப் பணம் பறக்கும். புதிய அடி கற்றுக்கொள்வதும் அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான். சண்டை வேண்டாம் என்றால் கையிலிருக்கும் நோட்டை வீசி எறிந்துவிட்டு நடக்கலாம், அவர்கள் பொறுக்கப் போய்விடுவார்கள். பொருளாதாரப் பாடத்தை இதைவிடச் சுலபமாக எனக்கு யாரும் நடத்தியதில்லை.

பூஜ்யம் முடிந்ததும் யாகுசா கிவாமி. 2005-இன் முதல் பாகத்தை 2016-இல் புதிதாகச் செய்தது இது. உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான், வரிசை மட்டும் வேறு. வெளிவந்த வரிசைப்படி ஆடினால்தான் சரி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு. பூஜ்யத்தில் வரும் சில குறும்புகள் முன்பே தெரிந்தவர்களுக்காக வைத்தவை. ஆனால் நிஷிகியாமாவை யோசியுங்கள். முதல் பாகத்தில் அவன் மாறிப்போவது கதையின் முதுகெலும்பு. பழைய கேமில் அதற்கு நேரமே தரவில்லை. கிவாமியில் அவனுக்கென்று புதுக் காட்சிகள் சேர்த்தார்கள். அவற்றையும், பூஜ்யத்தில் அவன் கிரியூவோடு நடுராத்திரி காரில் போகும் காட்சியையும் பார்த்தவருக்கு அந்த மாற்றம் சுருக்கென்று தைக்கும்.

அப்புறம் கிவாமி 2, அதாவது இரண்டாம் பாகத்தைப் புதிதாகச் செய்தது. அதோடு நிறுத்தி மூச்சு விடுங்கள். வேறு ஏதாவது ஆடுங்கள், இல்லையென்றால் எதுவுமே ஆடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். கிவாமி 2 வந்தது 2017-இல், புது எஞ்சினில். மூன்றாவது 2009-இன் சரக்கு. புதுப்பித்த பதிப்பிலும் எலும்பு பழையதுதான். மூன்றாவதற்கும் கிவாமி செய்வதாக 2025-இல் அறிவித்தார்கள், நான் இங்கே சொல்வது பழையதைப் பற்றி. எதிராளி எல்லா அடியையும் கையால் தடுத்துக்கொண்டே நிற்பான். ரசிகர்களே அதற்கு 'பிளாக்குசா' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்று வரை கிரைண்டரில் அரைத்துவிட்டு இன்று ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் தோள் வலிக்கத்தானே செய்யும்? இரண்டு மாதம் கழித்துப் போனால் அவ்வளவாகத் தெரியாது. நாலில் நாலு நாயகர்கள், ஐந்தில் ஐந்து பேர், ஐந்து ஊர். ஆறாவது கிரியூவின் கதையை முடிப்பதாகச் சொல்லி வந்தது. அதில் நடிகர் தகேஷி கிடானோ ஒரு பெரியவராக வருவார், அவருக்காகவே ஆடலாம்.

மச்சானையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஏழில் புது நாயகன், கசுகா இச்சிபான். யாருக்காகவோ பதினெட்டு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, யோகொஹாமா நடைபாதையில் நாற்பத்திரண்டு வயதில் புதிதாக ஆரம்பிக்கிறான். கைகலப்பு போய், முறை வைத்து அடிக்கும் சண்டை வந்துவிட்டது. தொழில் மாற்ற வேண்டுமென்றால் 'ஹலோ வொர்க்' போக வேண்டும், அதாவது அந்த ஊர் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ். பட்டனை வேகமாகத் தட்ட விரல் ஒத்துழைக்காதவர்கள் தாராளமாக ஏழில் தொடங்கலாம். ஒன்றும் புரியாமல் போகாது. பழைய ஆட்கள் தலைகாட்டும்போது மட்டும் உங்களுக்கு அது யாரோ ஒருத்தர். எனக்கு அது கல்யாண மண்டப வாசலில் பெரியப்பா நிற்பதைப் பார்த்த மாதிரி.

கேள்வி: ஜப்பானிய மொழி தெரியாமல், ஆங்கில சப்டைட்டிலை மட்டும் வைத்து இதை ரசிக்க முடியுமா? ஆங்கிலக் குரலில் போட்டுக்கொள்ளலாமா? – திருநெல்வேலி கல்லூரி மாணவி

பதில்: பூஜ்யம் முதலில் வந்தபோது ஆங்கிலக் குரலே கிடையாது, 2025-இல் வந்த 'டைரக்டர்ஸ் கட்' பதிப்பில்தான் சேர்த்தார்கள். முதல் பாகம் மேல்நாட்டுக்குப் போனபோது ஹாலிவுட் ஆட்களை வைத்துக் குரல் கொடுத்துப் பார்த்தார்கள், ஒற்றைக்கண் ரவுடி மஜிமாவுக்கு 'ஸ்டார் வார்ஸ்' நடிகர் மார்க் ஹாமில்! அதன்பின் வந்த பாகங்களில் பல வருடம் ஜப்பானியக் குரல் மட்டுமே. ஏழாவதில் இரண்டும் இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஜப்பானியத்தையே வையுங்கள். காரணம் உறவுமுறை. யாகுசா கூட்டத்தில் தலைவன் 'ஒயாபுன்', தொண்டன் 'கோபுன்'. முதலாவதில் பெற்றோர் என்ற சொல் இருக்கிறது, இரண்டாவதில் பிள்ளை என்ற சொல். ஒரே கிண்ணத்துச் சாக்கேயை, அதாவது அரிசி மதுவைக் குடித்து உறவாகிக்கொள்கிறார்கள். மூத்தவனை 'அனிகி' என்பார்கள், நம் 'அண்ணே'தான். நிஷிகியாமா கிரியூவைச் சில சமயம் 'கியோதாய்' என்பான், உடன்பிறப்பு என்ற அர்த்தத்தில். ஆங்கில சப்டைட்டிலில் இதெல்லாம் வெறும் 'பாஸ்', 'ப்ரோ' ஆகிவிடும். கீழே படித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தால், ஒருவன் எந்த இடத்தில் 'அண்ணே'யை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கிறான் என்பது பிடிபடும். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அடுத்து கைகலப்புதான் என்று புரிந்துவிடும்.

மஜிமா பேசுவது ஒசாகா பக்கத்துப் பேச்சு. கிரியூவைக் கொல்லப் பாய்ந்து வரும்போதுகூட 'கிரியூ-ச்சான்' என்பான். குழந்தையைக் கொஞ்சும் சொல் அது. கத்தியும் கையுமாக வந்து 'கண்ணு' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? எங்கள் கோயமுத்தூரில் அப்படியும் நடக்கும், அது வேறு விஷயம்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இந்த கேம் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். ஜப்பான் கலாசாரம் தெரிந்துகொள்ளலாம் என்கிறான். வாங்கித் தரலாமா? – கரூர் வாசகி

பதில்: வேண்டாம். ஐரோப்பாவில் இதற்கு 18 வயது என்று போட்டிருக்கிறார்கள். ரத்தம் மட்டும் என்றால்கூட யோசிக்கலாம். டெலிபோன் கிளப், கிளாமர் வீடியோ கடை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாத சங்கதிகள் நிறைய. கலாசாரம் என்று அவன் சொன்னது பொய் இல்லை, அதில் இதுவும் சேர்த்தி. மூன்று வருடம் எங்கும் போய்விடாது.

கேள்வி: யாகுசா 0 ஆரம்பித்து முப்பது மணி நேரம் ஆகிறது. இன்னும் நாலாவது அத்தியாயத்தில் நிற்கிறேன். நண்பர்கள் இதற்குள் முடித்தே விட்டார்கள். நான் தப்பாக ஆடுகிறேனா? – புதுச்சேரி வாசகர்

பதில்: நீங்கள்தான் சரியாக ஆடுகிறீர்கள். கதையை மட்டும் துரத்தினால் முப்பது மணி நேரச் சொச்சத்தில் முடியும். உங்கள் நண்பர்கள் அப்படிப் போயிருப்பார்கள், பாவம்.

இந்த கேமின் நிஜ நாயகன் அந்தத் தெருதான். கமுரோச்சோ என்பது டோக்கியோ ஷின்ஜுகுவின் கபுகிச்சோவைப் பார்த்து வரைந்தது. நுழைவாயிலில் இருக்கும் சிவப்பு விளக்கு வளைவு அசலில் இருப்பதைப் போலவே இருக்கும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடிவிடலாம், அவ்வளவு சின்ன ஊர். ஆனால் பாகத்துக்குப் பாகம் அதே ஊர். 1988-இல் இடுப்பில் பேஜரும் மூலைக்கு ஒரு டெலிபோன் பூத்துமாக இருந்த தெருவில், பின்னால் செல்போன் வருகிறது, கடை பெயர் மாறுகிறது, கட்டடம் எழும்புகிறது. காலி மனை இருந்த இடத்தில் என்ன நிற்கிறது என்பதைக் கிவாமி ஆடும்போது நீங்களே பாருங்கள். அந்தத் தெருவைப் பூஜ்யத்தில் எவ்வளவு சுற்றுகிறீர்களோ, பின்னால் அவ்வளவு லாபம். சேகாவின் பழைய 'அவுட் ரன்' ஓடும் ஆர்கேடில் நான் ஒரு ஞாயிறு மத்தியானத்தைத் தொலைத்திருக்கிறேன்.

நாலாவது அத்தியாயம் என்றால் கிரியூவை விட்டு, ஒசாகாவில் இன்னொரு நாயகன் மஜிமாவோடு இருப்பீர்கள். மூன்றாவதில் அவன் அறிமுகமான காட்சியைப் பார்த்திருப்பீர்களே! கேபரே கிளப்பில் ஒரு வாடிக்கையாளர் குடித்துவிட்டு ரகளை செய்கிறார். ஒரு கண்ணுக்குக் கறுப்பு மறைப்பு, டக்ஸிடோ, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலைமுடி என்று மேனேஜர் மஜிமா வந்து குனிந்து மன்னிப்பு கேட்கிறான். அவர் பாய்கிறார். இவன் ஓர் அடிகூடத் திருப்பி அடிப்பதில்லை. விலகுகிறான், வளைகிறான், கடைசியில் மொத்தக் கூடமும் அதை நிகழ்ச்சியில் ஒரு அயிட்டம் என்று நினைத்துக் கைதட்டுகிறது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து தினமும் வாடிக்கையாளர் திட்டை வாங்கிக்கொள்ளும் எனக்கு, அந்த ஐந்து நிமிடம் ஒரு பயிற்சி வகுப்பு.

அப்புறம் ஒன்று. கிரியூவிடம் திரும்பி வந்ததும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கடைக்குப் போங்கள். ஒரே உருட்டில் எல்லாக் கட்டையையும் சாய்த்தால் ஸ்ட்ரைக், தொடர்ந்து மூன்று ஸ்ட்ரைக் போட்டால் அதற்கு ஆங்கிலத்தில் டர்க்கி என்று பெயர், வான்கோழி. பரிசும் வான்கோழி என்று நினைத்துப் போனால், கடைப் பெண் உயிருள்ள ஒரு சாதாரணக் கோழியைக் கையில் கொடுத்து அனுப்புவாள். பெயர் நக்கெட். பின்னால் கிரியூ ரியல் எஸ்டேட் தொழில் நடத்தும்போது அந்தக் கோழியை மேனேஜராகப் போடலாம். போட்டேன். நன்றாகவே பார்த்துக்கொண்டது.

கேமில் இருக்கும் எல்லாவற்றையும் நூற்றுக்கு நூறு முடித்தே தீருவேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும், மஹ்ஜோங் என்ற வில்லை ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டி வரும். தெருவில் நடக்கும்போது எது வந்து மோதுகிறதோ அதைச் செய்யுங்கள், போதும்.

கேள்வி: கரண்ட் போனதில் இரண்டு மணி நேரம் ஆடியது வீணாகிவிட்டது. தானாக சேவ் ஆகாதா? – சேலம் வாசகர்

பதில்: பூஜ்யத்தில் டெலிபோன் பூத்துக்குள் போய்த்தான் சேவ் செய்ய வேண்டும். எனக்கும் ஒரு சண்டை முடிந்து, அரை மணி நேரக் காட்சியும் முடிந்து, பூத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. அன்றிலிருந்து பூத்தைப் பார்த்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ உள்ளே நுழைந்துவிடுவேன். கதையை நகர்த்தும் இடத்துக்குப் போகும் முன் கட்டாயம் சேவ் செய்யுங்கள், பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். ஆறாவதிலிருந்து நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம்.

கேள்வி: கிவாமியைப் பாதியில் விட்டு ஐந்து மாதம் ஆகிறது, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பப் போகும்போது முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: முதலில் வாழ்த்துகள். விட்ட இடத்திலிருந்தே போங்கள். ஆனால் கதைக்குள் நேராக இறங்க வேண்டாம். ஏதாவது ஒரு கடையில் நுழைந்து ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள், கரோக்கியில் ஒரு பாட்டுப் பாடுங்கள், தெருவில் ஓரமாக நிற்கும் சைக்கிளைத் தூக்கி இரண்டு பேரை அடியுங்கள். மூன்றாவது சண்டைக்குள் விரலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். எப்படியும் கிவாமியில் மஜிமா உங்களைச் சும்மா விட மாட்டான். குப்பைத் தொட்டிக்குள்ளிருந்து வருவான், சாலையில் வைக்கும் கூம்புக்குள்ளிருந்து வருவான். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் கிரியூ-ச்சான் என்கிற மாதிரியேதான் ஒவ்வொரு தடவையும் வருவான். குழந்தை தூங்கும் நேரத்தில் ஆடினால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், அவன் குரல் கொஞ்சம் பெரிசு.